மின் கட்டணம் தவறாக வந்தால்: அளந்து, எழுதி, முறையிடும் வழி

எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூடுதலான மின் கட்டணம் வந்து, அதைக் கேட்கப் போன இடத்தில் “மீட்டர் காட்டியதைத்தான் போட்டிருக்கிறோம்” என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். அந்த வரிக்கு எதிராக “நாங்கள் அவ்வளவு செலவழிக்கவே இல்லை” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் முறையீடு ஓரடிகூட நகராது. மின் நிறுவனத்தின் கையில் ஓர் எண் இருக்கிறது. நுகர்வோரின் கையில் எதுவும் இல்லை. இந்த நிலையை மாற்றுவதுதான் முதல் வேலை. அதற்கு மின் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. மீட்டரைப் படிக்கவும், கட்டணச் சீட்டைப் பிரித்துப் பார்க்கவும், நடப்பதையெல்லாம் தேதியோடு எழுதிவைக்கவும் தெரிந்தால் போதும்.

கூடுதல் கட்டணத்துக்கு மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம். மீட்டரோ, அதைப் படித்தவரோ அளவைத் தவறாகக் காட்டியிருக்கலாம். அளவு சரியாக இருந்தும் அதைப் பணமாக மாற்றிய கணக்கு தவறாக இருக்கலாம். அல்லது அந்த மின்சாரம் உங்களுக்குத் தெரியாமலேயே உங்கள் கம்பி வழியாகச் செலவாகியிருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு, அணுக வேண்டிய ஆளும் வேறு. எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் புகார் கொடுத்தால் அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

சீட்டிலிருந்து தொடங்குங்கள்

கட்டணச் சீட்டைக் கையில் எடுத்ததும் கடைசி வரியில் உள்ள தொகையைப் பார்த்துப் பதறாமல், முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், அவை எடுக்கப்பட்ட தேதிகள், மீட்டர் எண் ஆகிய நான்கையும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ரீடிங்குகளுக்கும் உள்ள வேறுபாடுதான் யூனிட். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல். பெரிய இணைப்புகளில் மீட்டருக்கு முன்னால், பெரிய மின்னோட்டத்தை மீட்டர் அளக்கக்கூடிய அளவுக்குக் குறைத்துத் தரும் மின்னோட்ட மாற்றி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அங்கே ரீடிங் வேறுபாட்டை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கியே யூனிட் கணக்கிடப்படும். அந்தப் பெருக்கு எண் சீட்டில் தவறாக ஏறிவிட்டால் பிழை மாதாமாதம் அதே விகிதத்தில் தொடரும் என்பதால், கடை, தொழிற்கூடம், அடுக்குமாடிப் பொது இணைப்பு வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும்.

அடுத்து நாட்களை எண்ணுங்கள். கணக்கெடுப்பவர் எட்டு நாள் தாமதித்து வந்திருந்தால் அந்த எட்டு நாளுக்கான செலவும் இந்தச் சீட்டிலேயே இருக்கும். ஆகவே இரண்டு சீட்டுகளை ஒப்பிடும்போது மொத்த யூனிட்டை ஒப்பிடாமல், யூனிட்டை நாட்களால் வகுத்து ஒரு நாளைய சராசரியை ஒப்பிட வேண்டும். சென்ற ஆண்டின் இதே பருவத்துச் சீட்டு இருந்தால் அதனுடன் ஒப்பிடுவதே நேர்மையான ஒப்பீடு. குளிர்காலச் செலவோடு கோடைச் செலவை வைத்துப் பார்த்தால் எந்த வீட்டிலும் ஏற்றம் தெரியும்.

பிறகு, ரீடிங் உண்மையாகவே எடுக்கப்பட்டதா, உத்தேசமாகப் போடப்பட்டதா என்று பாருங்கள். வீடு பூட்டியிருந்தாலோ, மீட்டரை அணுக முடியாவிட்டாலோ, பழைய மாதங்களின் சராசரியை வைத்துச் சீட்டு போடுவது உலகெங்கும் உள்ள நடைமுறை. சீட்டில் ஓர் எழுத்தாகவோ, சிறு குறிப்பாகவோ அது அச்சிடப்பட்டிருக்கும். இந்த உத்தேசக் கணக்குதான், என் பார்வையில், மற்ற எல்லாப் பிழைகளையும்விட அதிக மனக்கசப்பை உண்டாக்குகிறது. காரணம், அதன் பாதிப்பு அது போடப்பட்ட மாதத்தில் தெரியாமல் பிறகு ஒருநாள் மொத்தமாக வந்து விழுகிறது. அடுக்குக் கட்டண முறை உள்ள இடங்களில், அதாவது குறிப்பிட்ட யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட யூனிட்டுக்கு விலை ஏறும் இடங்களில், இது உண்மையான பண இழப்பாகவும் மாறும். ஓர் எடுத்துக்காட்டு: 200 யூனிட்டுக்கு மேல் விலை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் இரண்டு கணக்குக் காலங்களிலும் 180 யூனிட் வீதம் செலவாகியிருக்கிறது. முதல் காலத்துக்கு உத்தேசமாக 90 யூனிட் போடப்பட்டால், அடுத்த முறை மீட்டரைப் பார்க்கும்போது மீதி 270 யூனிட்டும் ஒரே சீட்டில் வந்துவிடும். உண்மையில் எந்தக் காலத்திலும் 200ஐத் தாண்டாத அந்த வீடு, 70 யூனிட்டுக்கு உயர்ந்த விலையைக் கட்ட நேரிடும். மொத்த யூனிட் சரிதான், தொகை தவறு. இப்படி நேர்ந்திருந்தால் “கட்டணத்தைக் குறையுங்கள்” என்று கேட்காமல், “270 யூனிட்டையும் முந்தைய 90 யூனிட்டையும் சேர்த்து, இரண்டு காலங்களுக்கும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியே அடுக்கைக் கணக்கிட்டுத் திருத்துங்கள்” என்று கேட்க வேண்டும். கோரிக்கை அவ்வளவு தெளிவாக இருந்தால் எதிரில் இருப்பவர் அதை மறுப்பதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும்.

நிலைக்கட்டணம், வரி, தாமதக் கட்டணம், பழைய நிலுவை, கூடுதல் வைப்புத்தொகை ஆகியவை தனித்தனி வரிகளில் இருக்கும். யூனிட் மாறாமல் தொகை மட்டும் கூடியிருந்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில்தான் ஒளிந்திருக்கும். கட்டண விகிதமே இடையில் உயர்த்தப்பட்டிருக்கவும் கூடும். அப்படியானால் உயர்வு எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய நாட்களுக்குப் பழைய விகிதம் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மீட்டரை நீங்களே படித்துப் பாருங்கள்

சீட்டுடன் மீட்டர் இருக்கும் இடத்துக்குப் போய், முதலில் மீட்டரின் முகப்பில் உள்ள வரிசை எண்ணையும் சீட்டில் உள்ள மீட்டர் எண்ணையும் ஒப்பிடுங்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் பல மீட்டர்கள் ஒரே பலகையில் வரிசையாக இருக்கும்போது, இரண்டு வீடுகளின் இணைப்பு மாறிப்போய் ஒருவர் செலவை இன்னொருவர் கட்டிக்கொண்டிருப்பது நடக்கக்கூடியதே. எண்கள் ஒத்துப்போனாலும், கம்பி மாறியிருக்கக்கூடும். உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உங்கள் மீட்டர் என்று சொல்லப்படுவதில், மின்சாரம் செலவாகும்போது சிமிட்டும் சிறு விளக்கு நிற்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

மின்னணு மீட்டரின் திரை ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. மொத்த யூனிட், உச்சத் தேவை, வோல்டேஜ், மின்னோட்டம், தேதி, நேரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாறும். கிலோவாட் மணி என்ற குறியுடன் வரும் மொத்த அளவைத்தான் சீட்டோடு ஒப்பிட வேண்டும். கூரையில் சூரிய மின் தகடு உள்ள வீடுகளில் வாங்கிய மின்சாரத்துக்கு ஒரு பதிவும், வலையமைப்புக்கு அனுப்பிய மின்சாரத்துக்கு இன்னொரு பதிவும் இருக்கும். கணக்கெடுப்பவர் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் குறித்துக்கொண்டு போகும் பிழையை இங்கே தேடுங்கள். தசமப் புள்ளியை விட்டுவிட்டு எழுதினால் அளவு பத்து மடங்காகும். திரை தெளிவாகத் தெரியும்படி, வரிசை எண்ணும் சட்டகத்துக்குள் வரும்படி, படம் எடுத்து வையுங்கள். உங்கள் மீட்டர் இன்று காட்டும் எண், சீட்டில் சில நாட்களுக்கு முன் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் எண்ணைவிடக் குறைவாக இருந்தால், வேறு எந்த வாதமும் தேவையில்லை; பிழை அந்தப் படத்திலேயே நிரூபணமாகிவிடும்.

மீட்டரின் வேகத்தையே சோதிக்க விரும்பினால் அதற்கும் எளிய வழி உண்டு. மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 1600, 3200 போன்ற எண்கள் சாதாரணமாகக் காணப்படும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாட் அளவு தெரிந்த ஒரே ஒரு கருவியை மட்டும் ஓடவிட்டு, சிமிட்டல்களை எண்ணி நேரத்தைக் குறியுங்கள். 3200 சிமிட்டல் கொண்ட மீட்டரில் 1000 வாட் கருவி ஓடினால் 32 சிமிட்டலுக்கு 36 வினாடி ஆக வேண்டும். பொதுவாகச் சொன்னால், சிமிட்டல் எண்ணிக்கையை 36 லட்சத்தால் பெருக்கி, அதை மீட்டர் முகப்பில் உள்ள, ஒரு யூனிட்டுக்கான சிமிட்டல் எண்ணால் வகுத்து, பின்னர் வினாடிகளால் வகுத்தால் அப்போது ஓடும் வாட் கிடைக்கும்.

இந்தச் சோதனையில் இரண்டு எச்சரிக்கைகள். இஸ்திரிப் பெட்டி, கீசர் போன்றவை சூடு ஏறியதும் தாமே நின்று மீண்டும் தொடங்குபவை. ஆகவே தண்ணீர் நிறைந்த மின்கெண்டி போல இடையில் நிற்காத கருவியே சோதனைக்கு ஏற்றது. இரண்டாவது, கருவியின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவு குறிப்பிட்ட ஒரு வோல்டேஜுக்கு உரியது. வெப்பமூட்டும் கருவியின் செலவு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 230 வோல்ட்டுக்கு 1000 வாட் என்று எழுதிய கருவி 207 வோல்ட்டில் ஏறத்தாழ 810 வாட்தான் இழுக்கும். மீட்டர் திரையில் வோல்டேஜ் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சோதனையில் ஐந்து, பத்து விழுக்காடு வேறுபாடு எதையும் நிரூபிக்காது. மீட்டர் இருமடங்கு வேகத்தில் ஓடுகிறது என்றால் அது தெளிவாகத் தெரியும். வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தர நிர்ணயத்தில் வகுப்பு 1 என்றால் ஒரு விழுக்காடு, வகுப்பு 2 என்றால் இரண்டு விழுக்காடு என்ற அளவுக்குள் பிழை இருக்க வேண்டும். அந்த நுட்பத்தை ஆய்வகம்தான் அளக்க முடியும்.

மீட்டரே குற்றவாளி என்று முதலிலேயே முடிவு கட்டிவிட வேண்டாம். 2009இல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பகுதியில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பின் கட்டணம் தாறுமாறாக ஏறியதாகப் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. மாநில ஒழுங்குமுறை ஆணையம் ஏற்பாடு செய்த தனி ஆய்வு 2010இல் வெளியானபோது, மீட்டர்கள் சரியாகவே அளந்தன என்றும், கடும் வெயிலும் கட்டண உயர்வும் ஒரே நேரத்தில் சேர்ந்ததே ஏற்றத்துக்குக் காரணம் என்றும் தெரிந்தது. அதே ஆய்வு, வாடிக்கையாளர்களின் கேள்விகளை நிறுவனம் கையாண்ட விதத்தைக் கடுமையாகக் குறைகூறியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். மீட்டர் சரியாக இருப்பது, கேட்டவருக்கு விளக்கம் மறுக்கும் உரிமையை யாருக்கும் கொடுத்துவிடாது. இன்னொரு பக்கம், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மங்கலாக்கும் சுவிட்சுடன் இணைத்த எல்இடி விளக்குகள் போன்ற சிக்கலான சுமைகளில் சோதித்த ஒன்பது மின்னணு மீட்டர்களில் ஐந்து மிகையாகவும் இரண்டு குறைவாகவும் காட்டின. மிகையின் உச்சம் 582 விழுக்காடு. ஆய்வகத்தில் வேண்டுமென்றே உருவாக்கப்பட்ட கடுமையான சூழல் அது. எனினும், “மின்னணு மீட்டர் தவறவே தவறாது” என்று சொல்பவரிடம் எடுத்துக்காட்டத் தகுந்த ஆய்வு அது.

கம்பிக்குள் கசியும் மின்சாரம்

மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மீட்டர் விளக்கு தொடர்ந்து சிமிட்டினால், மேலே சொன்னதுபோல் கம்பி மாறியிருக்கிறது, அல்லது பழுது மீட்டரில் இருக்கிறது, அல்லது மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் இடையில் யாரோ இணைப்பு எடுத்திருக்கிறார்கள். மூன்றுமே மின் நிறுவனம் வந்து பார்க்க வேண்டியவை. நீங்கள் அங்கே கை வைக்கக் கூடாது. மெயினை அணைத்ததும் சிமிட்டல் நின்றுவிடுகிறது, மெயினைப் போட்டதும் எந்தக் கருவியும் ஓடாத நிலையிலும் சிமிட்டுகிறது என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ள எம்சிபி எனும் தனிச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து எந்தச் சுற்றில் செலவு போகிறது என்று கண்டுபிடிக்கலாம். மாடிப்படி விளக்கோ, பொதுத் தண்ணீர் மோட்டாரோ உங்கள் இணைப்பிலிருந்து ஓடுவது இப்படித்தான் வெளிப்படும்.

கீசரின் சூடேற்றும் கம்பி உள்ளே வெடித்து மின்சாரம் எர்த்துக்குக் கசிவது, ஈரச் சுவருக்குள் போன பழைய கம்பியின் காப்பு தேய்ந்துபோவது, ஆழ்குழாய் மோட்டாரின் கேபிளில் விரிசல் ஆகியவை மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் யூனிட்டை ஏற்றுபவை. கசிவு கண்டால் தானே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத வீடுகளில்தான் இது நீடிக்கும். பணத்தைவிடப் பெரிய ஆபத்து இதில் இருப்பதால், கசிவு என்று ஐயம் எழுந்த உடனே தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனை வைத்துக் காப்புத் தடையை, அதாவது கம்பியின் காப்பு மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளக்கச் சொல்லுங்கள்.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. மின் திருட்டைத் தடுப்பதற்காகப் பல மீட்டர்கள் மின்சாரம் உள்ளே வரும் பேஸ் கம்பியிலும் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியிலும் ஓடும் மின்னோட்டத்தைத் தனித்தனியே அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மேல்மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் தனி மீட்டர் இருந்தும், கம்பி இழுத்தவர் இரண்டுக்கும் நியூட்ரலைப் பொதுவாக இணைத்துவிட்டிருந்தால், அடுத்த வீட்டின் மின்னோட்டம் உங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பும்போது உங்கள் மீட்டர் அதையும் உங்கள் செலவாகப் பதிவு செய்யும். இன்வெர்ட்டர் பொருத்தும்போதும் இந்தத் தவறு நேர்கிறது. பழைய சுழல் தட்டு மீட்டரை எடுத்துவிட்டு மின்னணு மீட்டர் வைத்த மாதத்திலிருந்து கட்டணம் ஏறியிருந்தால் முதலில் இதைத் தேடச் சொல்வேன். அதோடு, சுழல் தட்டு மீட்டர்கள் வயதாக ஆக உராய்வால் மெதுவாகி, உண்மைச் செலவைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு; புதிய மீட்டர் முதன்முறையாகச் சரியான அளவைக் காட்டத் தொடங்கியிருக்கலாம். மீட்டர் மாற்றும் நாளில் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புதியதன் தொடக்க ரீடிங்கையும் படம் எடுத்து வைத்தீர்களானால், பின்னால் எழும் சிக்கல்களில் பாதி எழாது.

முறையீட்டை எழுத்தில் கொடுங்கள்

தொலைபேசியில் சொன்னது காற்றோடு போய்விடும். அழைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, தேதி, நேரம், பேசியவரின் பெயர் அல்லது பதவி, அவர் கொடுத்த வாக்குறுதி ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதுங்கள். அதன்பின் அதே செய்தியை எழுத்து வடிவில், மின்னஞ்சலாகவோ நேரில் கொடுத்து முத்திரையுடன் கூடிய நகல் வாங்கியோ, அனுப்பிவிடுங்கள்.

கடிதத்தில் இணைப்பு எண், மீட்டர் எண், பிழை உள்ள சீட்டின் தேதி, நீங்கள் கண்ட பிழை, அதற்கான சான்று, நீங்கள் கேட்கும் திருத்தம், பதில் வேண்டிய தேதி ஆகியவை இருந்தால் போதும். ஒரு கடிதத்தில் ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். கட்டணப் பிழையையும், மின்தடையையும், ஊழியர் மரியாதைக் குறைவாகப் பேசியதையும் ஒன்றாக எழுதினால், மூன்றில் எளிதானதற்குப் பதில் சொல்லிப் புகாரை முடித்துவிடுவார்கள். கோபத்தைக் கடிதத்தில் ஏற்றாதீர்கள் என்று சொல்வது கோபம் நியாயமற்றது என்பதற்காக அல்ல. நாளை ஒரு நடுவர் இந்தக் கடிதத்தைப் படிப்பார், அப்போது எண்களே உங்களுக்காகப் பேச வேண்டும். இப்படி எழுதலாம்:

“மேற்கண்ட இணைப்புக்கு இம்முறை 640 யூனிட் என்று கணக்கிடப்பட்டுள்ளது. சீட்டில் இப்போதைய ரீடிங் 12,480 என்று உள்ளது; ஆனால் அதே நாளில் நான் எடுத்து இணைத்துள்ள படத்தில் அதே மீட்டர் 12,048 என்று காட்டுகிறது. இலக்கங்கள் இடம் மாறிப் பதிவானதாகத் தெரிகிறது. ரீடிங்கை நேரில் சரிபார்த்து, சீட்டைத் திருத்தி, திருத்தம் முடியும் வரை தாமதக் கட்டணம் சேர்க்காதிருக்கவும், மின் துண்டிப்பு நடவடிக்கை எடுக்காதிருக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.”

முகப்பு மேசையில் இருப்பவர் கட்டண விகிதத்தை வகுத்தவரும் அல்லர், மென்பொருளை எழுதியவரும் அல்லர். அவரால் செய்ய முடிந்தது எது, மேல் அதிகாரியின் கையெழுத்து வேண்டியது எது என்று அவரிடமே கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். அந்தப் பதில்தான் அடுத்த கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதைக் காட்டும்.

மீட்டர் மீதே ஐயம் என்றால் சோதனைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சில இடங்களில் மீட்டரைக் கழற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். சில இடங்களில் அதன் பக்கத்திலேயே சரிபார்ப்பு மீட்டர் ஒன்றைத் தொடராக வைத்துச் சில நாள் ஒப்பிடுவார்கள். இரண்டாவது முறையே நுகர்வோருக்கு எளிதில் புரிவது. சோதனைக்குக் கட்டணம் வாங்கினால், மீட்டர் பழுது என்று முடிவு வந்தால் அது திரும்பக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கழற்றும்போது நேரில் இருந்து, முத்திரை உடையாமல் இருந்ததைப் படம் எடுத்து, அப்போதைய ரீடிங்கைக் குறித்து, இருவரும் கையெழுத்திட்ட தாளின் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் முத்திரையை நீங்கள் தொட வேண்டாம். உடைந்த முத்திரை புகார்தாரரைக் குற்றம் சாட்டப்பட்டவராக்கிவிடும்.

பணத்தைக் கட்டுவதா, நிறுத்துவதா

கட்டணத்தை அடியோடு நிறுத்திவிடுவது இயல்பாகத் தோன்றும் எதிர்ப்புதான். ஆனால் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் பேச்சின் பொருள் “பிழையான சீட்டு” என்பதிலிருந்து “நிலுவை வைத்தவர்” என்பதற்கு மாறிவிடும். ஆட்சேபத்துடன் கட்டுவதே பாதுகாப்பான வழி: முழுத் தொகையையோ, விதிகள் இடம் கொடுத்தால் வழக்கமான சராசரித் தொகையையோ கட்டி, “ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்” என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இந்தியாவின் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இதற்கு நல்ல சான்று. துண்டிப்புக்கு முன் குறைந்தது 15 முழு நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. தகராறு முடியும்வரை, கேட்கப்பட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரியில் கணக்கிட்ட மாதக் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால் துண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் நாட்டில் இதற்கு இணையான விதி எது என்று ஒழுங்குமுறை ஆணையத்தின் வெளியீடுகளில் பார்த்து, அந்த விதி எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முந்தைய விடுபட்ட தொகை என்று திடீரென ஒரு பெரிய கணக்கு வந்தால், உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில், வாடிக்கையாளர் தவறு இல்லாத நிலையில், 12 மாதத்துக்கு முன் செலவான மின்சாரத்துக்குப் பின்னோக்கிக் கட்டணம் கேட்க முடியாது என்ற விதி 2018 முதல் உள்ளது. இந்தியச் சட்டத்தின் 56(2) பிரிவு இரண்டு ஆண்டு வரம்பைக் குறிப்பிடுகிறது. அந்த வரம்பு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, எதைத் தடுக்கிறது என்பதில் நீதிமன்ற விளக்கங்கள் இருப்பதால் பெரிய தொகையானால் வழக்கறிஞரின் கருத்தைப் பெறுவது நல்லது.

தானாகவே வங்கிக் கணக்கிலிருந்து கழியும் ஏற்பாடு வைத்திருப்பவர்கள், அதற்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள். “இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்” என்று வரும் குறுஞ்செய்திகளை நம்பி எதையும் செலுத்தாதீர்கள். கட்டணத் தகராறில் கலங்கியிருப்பவர்களே இத்தகைய மோசடிக்கு எளிதில் இரையாகிறார்கள்.

மின்தடையும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும்

சேவைக் குறைபாட்டை நிரூபிப்பது கட்டணப் பிழையை நிரூபிப்பதைவிடக் கடினம், ஏனெனில் மின்சாரம் திரும்பியதும் சான்று மறைந்துவிடுகிறது. ஆகவே மின்சாரம் போன நேரம், வந்த நேரம், உங்கள் வீட்டில் மட்டுமா தெரு முழுவதுமா, மூன்று பேஸில் ஒன்று மட்டுமா என்பதை உடனுக்குடன் குறிக்க வேண்டும். மின் நிறுவனங்களின் நம்பகத்தன்மையே ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரியாக எத்தனை முறை, எவ்வளவு நேரம் தடை ஏற்பட்டது என்ற இரண்டு குறியீடுகளால்தான் அளக்கப்படுகிறது. நீங்களும் அதே வடிவில் எழுதினால் அதை நிறுவனப் பதிவோடு நேரடியாக ஒப்பிட முடியும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் பெறும் அண்டை வீட்டார் பலர் சேர்ந்து கையெழுத்திட்ட புகார், தனித்தனிப் புகார்களைவிட விரைவாகப் பொறியாளரிடம் போய்ச் சேரும்.

சில விளக்குகள் மங்கி, வேறு சில அளவுக்கு மீறிப் பிரகாசிப்பதைக் கண்டால் குறிப்பெழுதிக்கொண்டிருக்க வேண்டாம். நியூட்ரல் தளர்ந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது என்பதன் அறிகுறி அது. மும்முனை அமைப்பில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அளவும் வரக்கூடும். உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவசர எண்ணை அழையுங்கள். கருவிகள் பழுதாகிவிட்டால் அவற்றைத் தூக்கி எறியாமல், பழுது பார்ப்பவரிடம் உயர் வோல்டேஜால் எரிந்தது என்று எழுத்தில் அறிக்கை வாங்கி, அதே நேரத்தில் பாதிக்கப்பட்ட அண்டை வீடுகளின் விவரத்தையும் சேர்த்து இழப்பீடு கேளுங்கள்.

பதில் வராதபோது

நிறுவனத்துக்குள்ளேயே உள்ள மேல் அதிகாரி, அதன்பின் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் சுயேச்சையான குறைதீர்ப்பாளர், கடைசியில் நுகர்வோர் ஆணையமோ நீதிமன்றமோ என்பதே பெரும்பாலான நாடுகளில் உள்ள படிவரிசை. இந்தியாவில் குறைதீர் மன்றமும் குறைதீர்ப்பாளரும் அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி அமைக்கப்படுபவை. ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் “முதலில் அங்கே கொடுத்தீர்களா?” என்று திருப்பி அனுப்புவார்கள் என்பதால், ஒவ்வொரு படியிலும் கொடுத்த கடிதத்தின் ஒப்புகையும், பதிலுக்கான கெடு முடிந்த தேதியும் கையில் இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கும் காலவரம்பு உண்டு. நிறுவனத்தின் “பார்க்கிறோம்” என்ற வாய்மொழியை நம்பிக் காத்திருந்து அந்த வரம்பைத் தவறவிடுவதுதான் நியாயமான வழக்குகள் தோற்பதற்கு முக்கியக் காரணமாக எனக்குப் படுகிறது.

திருத்தம் கிடைத்த பின்னும் இரண்டு சீட்டுகள் வரை கவனித்துக்கொண்டிருங்கள். திரும்பத் தர ஒப்புக்கொண்ட தொகை வரவு வைக்கப்பட்டிருக்கிறதா, சேர்த்த தாமதக் கட்டணம் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிழையான அந்த யூனிட் எண்ணிக்கை பழைய பதிவில் அப்படியே நின்றுவிட்டால், பிற்பாடு பூட்டிய வீட்டுக்குச் சராசரி போடும்போதும், ஆண்டு நுகர்வை வைத்துக் கூடுதல் வைப்புத்தொகை கணக்கிடும்போதும் அதே எண் மீண்டும் தலைதூக்கும். எனவே சீட்டை மட்டுமல்லாமல் நுகர்வுப் பதிவையும் திருத்தியதாக எழுத்தில் உறுதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.